கட்டளைவரிக் கருவிக்கு வரைகலை முகப்பு: மாணவர் புராஜெக்ட்டை எங்கிருந்து தொடங்குவது?

கட்டற்ற மென்பொருள் உலகின் அருமையான கருவிகள் பல இன்னும் கறுப்புத் திரைக்குள்தான் கிடக்கின்றன. வீடியோவை மாற்ற எஃப்எஃப்எம்பெக், படங்களைச் சுருக்க இமேஜ்மேஜிக், கோப்புகளை நகலெடுக்க ஆர்சிங்க், ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக்க டெசராக்ட். கட்டளை தட்டத் தெரியாதவருக்கு இவை இருந்தும் இல்லாத மாதிரிதான். இவற்றில் ஒன்றுக்கு வரைகலை முகப்பு செய்வது மாணவர்களுக்கு நல்ல புராஜெக்ட். கடினமான கணக்கையெல்லாம் வேறு யாரோ போட்டு முடித்துவிட்டார்கள். நமக்கு மிச்சம் சில பொத்தான்களும் ஒரு ஜன்னலும்.

அப்படி நினைத்துத்தான் இறுதியாண்டில் நாங்கள் மூன்று பேர் எஃப்எஃப்எம்பெக்குக்கு முகப்பு செய்யக் கிளம்பினோம். கையில் பன்னிரண்டு வாரம். முதல் ஐந்து வாரம் ஜன்னல் வரைந்தோம். நிறம், ஐகான், தாவல் எல்லாம் கச்சிதம். ஆறாவது வாரம் ‘மாற்று’ பொத்தானை முதன்முறையாக உண்மையான கட்டளையோடு இணைத்து அழுத்தினோம். ஜன்னல் வெளிறி உறைந்துபோனது. அதிலிருந்து மீள நான்கு வாரம் ஆனது. நீங்கள் எங்கள் வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்.

பைத்தான் நிறுவுவது, கிட் களஞ்சியம் திறப்பது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் கூடுதல் குறிப்புகளான விருப்பங்களின் பெயர்களை ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கருவியின் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தால் எளிதில் அடையாளம் தெரியும்.

படி 1: ஒரே ஒரு தாள்

எஃப்எஃப்எம்பெக்கின் முழு உதவியைக் கேட்டால் ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேர்வுப் பெட்டி வைத்தால் கிடைப்பது விமானியின் அறை. கறுப்புத் திரையே தேவலை என்று தோன்றிவிடும். மூன்று வேலைகளை மட்டும் எடுங்கள். நாங்கள் எடுத்தவை: வீடியோவின் அளவைக் குறைப்பது, ஒலியை மட்டும் பிரிப்பது, நடுவில் ஒரு துண்டை வெட்டுவது. ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியமாக எழுதி, அதன் கீழே முனையத்தில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில், ஓட்டிப் பார்த்த கட்டளையை அப்படியே ஒட்டுங்கள். வழிகாட்டும் பேராசிரியர் திட்ட ஆவணம் கேட்டாலும் அந்தத் தாளைத்தான் விரித்து எழுதப் போகிறீர்கள்.

ஏற்கனவே இருப்பதையும் பாருங்கள். வீடியோவுக்கு ஹேண்ட்பிரேக், ஆர்சிங்குக்கு ஜிஆர்சிங்க், டெசராக்ட்டுக்கு ஜிஇமேஜ்ரீடர் உண்டு. இருக்கிறதே என்று கைவிட வேண்டாம். நிறுவி, புதியவர் ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். உங்கள் மூன்று வேலைகள் அங்கிருந்தே கிடைக்கலாம்.

படி 2: கருவிப்பெட்டி

ஜன்னலையும் பொத்தானையும் வரைந்து தரும் நிரலகத்தைத்தான் கருவிப்பெட்டி என்கிறேன். இதில் நான் கட்சிக்காரன். பைத்தானோடு வரும் டிகின்டர் சின்ன வேலைக்குப் போதும். ஆனால் வெளியே ஒரு நிரலை ஓட்டிக் கண்காணிக்க வேண்டுமென்றால் க்யூட் பக்கம் வந்துவிடுங்கள். காரணம் அடுத்த படியில். க்யூட்டுக்குப் பைத்தானில் இரண்டு வாசல்கள்: பைக்யூட், பைசைட். முன்னது ஜிபிஎல் (விநியோகிக்கும் நம் நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்வது) அல்லது வணிக உரிமம். பின்னது அந்தக் கட்டாயம் இல்லாத எல்ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. எங்கள் நிரலுக்கு என்ன உரிமம் என்பதைக் கடைசியில் முடிவுசெய்ய இடம் விட்டதால் பைசைட்டை எடுத்தோம். வலைப்பக்கம் போல் எழுதி மேசைக்கணினி நிரலாக்கும் எலக்ட்ரான் வேண்டவே வேண்டாம். மூன்று பொத்தானுக்காக ஒரு முழு உலாவியைச் சுமக்க வேண்டியிருக்கும்.

படி 3: ஜன்னல் இல்லாமல் ஓட்டுங்கள்

நாங்கள் விழுந்த குழி இதுதான், எனவே நிதானமாகப் போவோம்.

ஜன்னல் ஏன் உறைந்தது? வரைகலை நிரல் ஒரு சுழற்சியில் ஓடுகிறது: சுட்டி அசைந்ததா, விசை அழுந்தியதா, திரையைத் திரும்ப வரைய வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நாங்கள் அந்தச் சுழற்சிக்குள்ளேயே எஃப்எஃப்எம்பெக்கைக் கூப்பிட்டு, அது முடியும்வரை காத்திருந்தோம். கேள்வி கேட்பவர் காத்திருக்கப் போய்விட்டால் ஜன்னல் யாருக்குப் பதில் சொல்லும்? க்யூட்டில் இதற்கென்றே க்யூப்ராசெஸ் இருக்கிறது. அது நிரலைத் தனியே ஓடவிட்டு, எழுத்து வந்தபோதும் வேலை முடிந்தபோதும் சைகை அனுப்பும். ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருசேர ஓட்டும் இழைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

உறைவது நின்றது. ஆனால் முன்னேற்றப் பட்டை அசையவில்லை. இரண்டு காரணங்கள். எஃப்எஃப்எம்பெக் தன் நிலவரத்தை வழக்கமான வெளியீட்டில் எழுதாமல் பிழைகளுக்கான வெளியீட்டில் எழுதுகிறது. அதுவும் புதிய வரிக்குப் போகாமல், அதே வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி மேலெழுதுகிறது. முனையத்தில் எண் ஓடுவது போல் தெரிவது அதனால்தான். நாங்களோ வரி முடியட்டும் என்று காத்திருந்தோம். வரி முடியவே இல்லை.

தீர்வு எஃப்எஃப்எம்பெக்குக்குள்ளேயே இருந்தது. ‘-ப்ராக்ரெஸ் பைப்:1’ என்று கொடுத்தால் நிலவரத்தை வழக்கமான வெளியீட்டில், ஒரு வரிக்கு ஒரு விவரமாக, பெயரும் மதிப்புமாக எழுதும். கூடவே ‘-நோஸ்டாட்ஸ்’ கொடுத்தால் பழைய ஓடும் எண் அடங்கிவிடும். வீடியோவின் மொத்த நீளத்தை, எஃப்எஃப்எம்பெக்கின் துணைக் கருவியான எஃப்எஃப்ப்ரோபிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வகுத்தால் சதவீதம் கிடைக்கும்.

இங்கேயும் ஒரு கண்ணி. வரும் விவரங்களில் ‘அவுட்_டைம்_எம்எஸ்’ என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து மில்லிவினாடி என்று நம்பி ஆயிரத்தால் வகுத்தோம். இரண்டு நிமிட வீடியோவில் முதல் நொடி முடிவதற்குள் பட்டை நூறைத் தொட்டது. அதில் வருவது மைக்ரோவினாடி. ‘அவுட்_டைம்_யுஎஸ்’ என்பதையே எடுத்துப் பத்து லட்சத்தால் வகுங்கள். பெயரும் மதிப்பும் ஒத்துப்போகும். தொடக்கத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘என்/ஏ’ வரலாம். அதை எண்ணாக மாற்றப் போனால் நிரல் கவிழும்.

அடுத்தது, காரணமே தெரியாத நிற்றல். சில கோப்புகளுக்கு மட்டும் பட்டை பூஜ்ஜியத்திலேயே நின்றது. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகு கண்டோம்: அதே பெயரில் கோப்பு இருந்தால் எஃப்எஃப்எம்பெக் ‘மேலெழுதவா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. முனையமே இல்லாத இடத்தில் யார் பதில் சொல்வது? உள்ளீட்டுக்குக் காத்திருக்காதே என்று சொல்லும் ‘-நோஸ்டிடின்’ சேர்த்தோம். (இது பாதித் தீர்வுதான். பின்சேர்க்கையைப் பாருங்கள்.)

கட்டளையை ஒரே நீளச் சரமாக ஒட்டி, முனையத்தில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் கொடுக்காதீர்கள். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் உடையும். அரைப்புள்ளி இருந்தால் அதற்குப் பிறகு வருவதை இன்னொரு கட்டளையாக ஷெல் ஓட்டிவிடும். ஒவ்வொரு விருப்பத்தையும் பட்டியலின் தனி உறுப்பாகக் கொடுங்கள்.

க்யூட்டை விட்டுப் பைத்தானின் சொந்த வழியில்தான் போவேன் என்பவர்கள் இரண்டு வெளியீடுகளையும் கட்டாயம் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிரலின் வெளியீடு இன்னொன்றுக்குப் போகும் வழிக்குக் குழாய் என்று பெயர். லினக்ஸில் ஒரு குழாயின் இயல்புக் கொள்ளளவு 65,536 பைட். ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அது நிரம்பி, எழுதும் நிரல் அங்கேயே நிற்கும்.

இவ்வளவும் ஒரு சாதாரண எழுத்து நிரலாக ஓடிச் சதவீதத்தைச் சரியாக அச்சிடும்வரை ஜன்னலைத் தொடாதீர்கள்.

படி 4: பென்சில், தாள், ஐந்து பேர்

திரையைத் தாளில் வரைந்து, பயன்படுத்தப் போகிறவர்களிடம் காட்டுங்கள். ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாகோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது இன்றும் பரவலாக மேற்கோள் காட்டப்படுகிறது. எங்களுக்கு மூன்றாவது ஆளிலேயே பாதித் திரை போய்விட்டது. வீடியோவைச் சுருக்கும் முறையைத் தேர்வுசெய்யும் ‘கோடெக்’ என்ற பட்டியலைக் காட்டி, “இதில் நான் எதையாவது எடுக்க வேண்டுமா, இல்லை நீங்களே எடுப்பீர்களா?” என்று கேட்டார். நாங்களே எடுத்தோம், பட்டியல் போயிற்று.

இன்னொருவர் ‘மாற்று’ பொத்தானை இரண்டு முறை அழுத்தினார். முதல் ஒரு நொடி திரையில் எதுவும் மாறாததால் அழுத்தம் விழவில்லை என்று நினைத்தாராம். அழுத்தியவுடன் பொத்தான் மங்கி, பக்கத்தில் ‘நிறுத்து’ எழ வேண்டும். சோதனையின்போது விளக்கம் சொல்ல வாய் துடிக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வார அட்டவணை

முதல் வாரம் தாள். இரண்டு முதல் நான்கு வரை ஜன்னலில்லா ஓட்டம். ஐந்தில் பென்சில் வரைவும் ஐந்து பேரும். ஆறு முதல் எட்டு வரை உண்மையான ஜன்னல். ஒன்பதில் மறுபடி ஆட்களிடம் கொடுப்பது. பத்தில் பொதியாக்கம், மீதி இரண்டும் ஆவணத்துக்கும் எதிர்பாராத உடைசலுக்கும். திரையில் தெரியும் சொற்களை முதல் நாளிலிருந்தே மொழிபெயர்ப்புக்கு உரிய செயற்கூறுக்குள் போட்டுவிடுங்கள். பிறகு தேடிப் பிடிப்பது கொடுமை.

பொதியாக்கத்துக்கு ஒரு வாரம் அதிகமாகத் தோன்றும். பைத்தான் நிரலை நிறுவத் தகுந்த பொதியாக்கும் பைஇன்ஸ்டாலரை எந்த இயங்குதளத்தில் ஓட்டுகிறீர்களோ அந்த இயங்குதளத்துக்கு மட்டுமே பொதி கிடைக்கும். லினக்ஸில் உட்கார்ந்து விண்டோஸுக்குச் செய்ய முடியாது. லினக்ஸுக்கான பொதி முறையான ஃப்ளாட்பேக்கில் உங்கள் நிரல் வேலிக்குள் ஓடுவதால், கணினியில் ஏற்கனவே நிறுவிய எஃப்எஃப்எம்பெக் இயல்பாக அதன் கண்ணுக்குத் தெரியாது. கருவியையே பொதிக்குள் வைத்து விநியோகித்தால் அதன் உரிம நிபந்தனைகளும் உங்களைச் சேரும். அதையும் அந்த வாரத்தில் படித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒருவர் எழுதினார்: ‘நிறுத்து’ அழுத்தினால் எம்பி4 கோப்பு திறக்கவே மாட்டேன் என்கிறது. அவர் சொன்னது சரி. வழக்கமான எம்பி4 கோப்பில் உள்ளடக்க அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. நடுவில் கொன்றால் அட்டவணை இருக்காது. லினக்ஸில் க்யூப்ராசெஸின் ‘டெர்மினேட்’ அனுப்பும் ‘முடித்துக்கொள்’ என்ற சைகை போதும், எஃப்எஃப்எம்பெக் அதைப் பிடித்துக்கொண்டு கோப்பை ஒழுங்காக முடிக்கும். விண்டோஸில் அந்தச் சைகை இத்தகைய நிரல்களுக்கு எட்டாது. அங்கே உள்ளீட்டில் ‘க்யூ’ என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். ஆனால் ‘-நோஸ்டிடின்’ கொடுத்திருந்தால் அது எதையும் கேட்காது! ஆகவே அதை எடுத்துவிட்டேன். இப்போது மேலெழுதலாமா என்று நம் ஜன்னலே கேட்கிறது. ஆம் என்றால் ‘-ஒய்’ சேர்த்து ஓட்டுகிறேன்.

ஆர்சிங்குக்கு முகப்பு செய்த இன்னொரு குழுவுக்குப் பட்டை பின்னோக்கி ஓடியது: நாற்பது, ஐம்பது, பிறகு முப்பத்தைந்து. மொத்த நிலவரத்துக்கு ‘--இன்ஃபோ=ப்ராக்ரெஸ்2’ கொடுத்தது சரிதான். ஆனால் ஆர்சிங்க் கோப்புறைகளைப் போகிற போக்கில் கண்டுபிடித்துக்கொண்டே நகலெடுக்கும். புதிதாக ஒரு பெரிய கோப்புறை அகப்பட்டதும் மொத்தம் கூடி, சதவீதம் இறங்கும். ‘--நோ-இன்க்-ரிகர்சிவ்’ கொடுத்தால் முழுப் பட்டியலையும் எடுத்த பிறகே தொடங்கும். அதற்குப் பதிலாகத் தொடக்கத்தில் பட்டை சற்று நேரம் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் திரையில் ‘கோப்புகளை எண்ணுகிறது’ என்று எழுதிவிடுங்கள்.