சோற்றைப் பாதியாக்கினோம், அந்த இடத்தில் என்ன வைத்தோம்?

எடையைக் குறைக்கத் தொடங்கியவர்கள் இரண்டு மூன்று வாரத்தில் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: எந்நேரமும் பசிக்கிறது. 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று வீட்டில் ஏச்சும் விழும். ஆனால் கோளாறு வாயில் அல்ல, தட்டில்.

பெரிய தவறு, சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுவது. நம் தட்டில் பொரியல் என்பது ஓரத்தில் ஒரு கரண்டி. நான்கு கரண்டிச் சோறு இரண்டாகிறது. பொரியலும் பருப்பும் மட்டும் பழைய அளவிலேயே நிற்கின்றன. பிறகு நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைக் கை தேடாமல் என்ன செய்யும்? அவரைக்காய்ப் பொரியல் ஒரு கிண்ணம், கெட்டிப் பருப்போ இரண்டு துண்டு மீனோ சேர்ந்தால் அதே இரண்டு கரண்டிச் சோறு சாயங்காலம்வரை தாங்கும். காலைக்கும் இதே கணக்குத்தான். ஓர் இட்லியில் புரதம் சுமார் இரண்டு கிராம். ஒரு முட்டையில் ஆறு. இட்லியோடு சட்னி மட்டும் என்றால் பதினோரு மணிக்கே வயிறு கூப்பிடும். இட்லியின் மேல் எனக்குக் கோபம் இல்லை, அது துணையின்றி வருவதுதான் சிக்கல்.

உருளைக்கிழங்கை முதல் வேலையாக விலக்கிவைப்பவர்கள் உண்டு. 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். எது அதிகமாகப் பசியைத் தணித்தது தெரியுமா? அவித்த உருளைக்கிழங்கு; வெள்ளை ரொட்டியைவிட மூன்று மடங்குக்கும் மேல். அவித்தது என்பதைக் கவனிக்கவும். எண்ணெயில் சிவக்க வறுத்த கதை வேறு.

சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற நம்பிக்கையும் பொய். சாமையிலும் வரகிலும் கலோரி ஏறத்தாழ அரிசி அளவுதான். பழத்தைக் கடித்துத் தின்னாமல் ஜூஸாகக் குடிப்பதும் வேண்டாம். குடித்தது வயிற்றில் அதிக நேரம் தங்காது.

பத்தே வாரத்தில் பத்துக் கிலோ என்று கிளம்புவது இன்னொரு தவறு. ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரியில் வைத்துப் பார்த்த ஆய்வு 2011-இல் வெளியானது. ஓராண்டு கழித்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிடக் கூடுதலாகவே இருந்தது. காலை உணவைத் தவிர்த்து, மதியம் ஒரு ஆப்பிளோடு முடித்து, இரவு பத்து மணிக்கு அடுப்படியில் நின்றபடியே தோசைகளை உள்ளே தள்ளுவது இதன் சின்ன வடிவம்.

தூக்கத்தை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு இரவு நான்கு மணி நேரமே தூங்கவிட்ட இளைஞர்களுக்குப் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது என்று 2004-இல் வந்த ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் பசி அடங்கவில்லை, கூடவே தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கிறது அல்லது நன்றாகச் சாப்பிட்டும் எடை தானாக இறங்குகிறது என்றால் சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் பசியைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவருக்குத் திடீர்ப் பசியோடு நடுக்கமும் வியர்வையும் வந்தால் அது சர்க்கரை தாழ்ந்ததன் அறிகுறி. அந்த நேரத்தில் எடைக் கணக்குப் பார்க்கக் கூடாது. உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும்.