அடிக்கடி திரும்பும் சிறுநீர்த் தொற்று: பெண்கள் என்ன செய்ய வேண்டும்?

நீர்க்கடுப்பு 6 மாதங்களில் 2 முறையோ, ஓராண்டில் 3 முறையோ தொற்றாக உறுதியானால், மருத்துவர்கள் அதை மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த் தொற்று என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். அந்த நிலையில் எரிச்சலைத் தணிப்பதோடு நின்றுவிடாமல், அது ஏன் திரும்புகிறது என்று தேட வேண்டும்.

பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அதே ஆன்டிபயாடிக்கை வாங்குவதை முதலில் நிறுத்துங்கள். கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவதற்கு இந்தப் பழக்கம் பெரிதும் வழிவிடுகிறது. முதல் மாத்திரையைப் போடும் முன்பே, தொடக்கத்தில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு அறிக்கையையும் பத்திரப்படுத்துங்கள். ஒரே கிருமியே உடனுக்குடன் திரும்பி வந்தால், சிறுநீரகக் கல்லோ, சிறுநீர்ப்பையில் சிறுநீர் முழுதும் வெளியேறாமல் தங்குவதோ காரணமா என்று ஸ்கேன் மூலம் பார்க்க வேண்டியிருக்கும். சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளது என்பதாலும், அதன் வாய் ஆசனவாய்க்கு அருகில் இருப்பதாலும், கிருமி எளிதில் பையை எட்டிவிடுகிறது. ஆகவே இதைச் சுத்தக்குறைவு என்று எண்ணி எந்தப் பெண்ணும் கூச வேண்டியதில்லை. வாசனைத் திரவங்களால் பிறப்புறுப்பின் உட்புறத்தைக் கழுவுவது, காவலாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையே குலைத்துவிடும். விந்தணுக்கொல்லி ஜெல் பயன்படுத்துவோர் வேறு கருத்தடை முறைக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். உடலுறவுக்குப் பின் சிறுநீர் கழிப்பதற்கு வலுவான சான்று இல்லாவிட்டாலும், அதில் தீங்கு எதுவும் இல்லை.

தண்ணீருக்குச் சான்று உண்டு. நாளுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த பெண்கள் கூடுதலாக 1.5 லிட்டர் குடித்தபோது, ஓராண்டில் தொற்றுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் துணிக்கடைகளிலும் பேருந்துகளிலும் வேலை செய்யும் பெண்கள், கழிப்பறை இல்லையே என்பதற்காகத் தண்ணீரைத் தவிர்க்கும் நிலையில் இந்த அறிவுரை மட்டும் போதாது. கழிப்பறையும் இடைவேளையும் அவர்கள் உரிமையோடு கேட்டுப் பெற வேண்டியவை. இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால், பிறப்புறுப்பில் காவலாக இருக்கும் அந்த நல்ல பாக்டீரியாக்களும் குறைகின்றன. பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அப்போது நன்கு உதவுகிறது. வயதான அம்மாக்கள் இதைக் கேட்கத் தயங்குவதால், உடன் செல்லும் மகளோ மருமகளோ மருத்துவரிடம் கேட்கலாம்.

அறிகுறி எதுவும் இல்லாமல் கல்ச்சரில் மட்டும் கிருமி தெரிந்தால், கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. குளிர்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை வந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.