இட்லி மாவு வியாபாரம்: மூன்று பாக்கெட் திரும்பி வந்தால் என்ன ஆகும்?

வீட்டிலிருந்து ஏதாவது தொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் இட்லி மாவில் வந்து நிற்பார்கள். நானும் அப்படித்தான். மதுரையில், வீட்டில் இருந்த ரெண்டு லிட்டர் கிரைண்டரை வைத்துத் தொடங்கினேன். மாவு அரைக்கத் தெரியும், அதில் குறை வரவில்லை. கணக்கு தெரியவில்லை, அதில்தான் அடி. முதல் ஆறு மாதம் நஷ்டத்தில் ஓடியதே எனக்குத் தெரியாது. தினமும் கையில் காசு புழங்கியதால் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வருபவர்கள் அந்த ஆறு மாதத்தை மிச்சப்படுத்தலாம் என்றுதான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கடைக்குப் போகுமுன் பத்து வீடு

முதல் நாளே கடை கடையாகப் பாக்கெட் போடாதீர்கள். தெருவில் பத்து வீட்டில் சொல்லி, முந்தின நாளே ஆர்டர் வாங்கி, கேட்ட அளவுக்கு மட்டும் அரையுங்கள். இரண்டு வாரம் இப்படி ஓட்டினால் போதும்.

நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் ஒவ்வொரு மூட்டை உளுந்தும் ஒரே மாதிரி காணாது. புது உளுந்து பொங்கிப் பொங்கி வரும். பழைய உளுந்தில் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் வழவழவென்று கிடக்கும். மூட்டை மாற்றினால் முதலில் கால் கிலோ அரைத்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கல் சூடேறி மாவும் சூடாகிவிடும், அது சாயங்காலமே புளித்துவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தால் சமாளிக்கலாம். இதையெல்லாம் பத்து வீட்டோடு இருக்கும்போதே கற்றுக்கொண்டால், கெட்டுப்போனாலும் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாரி சொல்லி வேறு மாவு கொடுத்துவிடலாம்.

படி 2: ஒரு கிலோவுக்கு அடக்கம் எவ்வளவு?

இந்தப் படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். நான் கணக்குப் போட்ட அன்றைய விலையில் காட்டுகிறேன், உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

அரிசி 4 கிலோ 180 ரூபாய், உளுந்து 1 கிலோ 130, வெந்தயமும் உப்பும் 9. மொத்தம் 319 ரூபாய்க்கு எனக்கு ஏறக்குறைய 11 கிலோ மாவு கிடைத்தது. அப்படியென்றால் கிலோவுக்கு 29 ரூபாய். கவர் ஒன்றரை ரூபாய், கரண்ட் ஒரு ரூபாய், வண்டி பெட்ரோல் 2 ரூபாய் சேர்த்தால் 33 ரூபாய் 50 காசு. கடைக்கு 50 ரூபாய்க்குப் போட்டால் பதினாறு ரூபாய்க்கு மேல் நிற்கிறதே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

உங்கள் கூலி எங்கே? கழுவி, அரைத்து, பாக்கெட் போட்டு, கொண்டுபோய்க் கொடுக்க மூன்று மணி நேரம் ஆகிறது. மணிக்கு 75 ரூபாய் என்று வைத்தாலும் 225 ரூபாய். 11 கிலோவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 20 ரூபாய்க்கு மேல். அடக்கமே 54 ரூபாய். கடைக்கு 50-க்குக் கொடுத்தால் கிலோவுக்கு நான்கு ரூபாய் கையை விட்டுப் போகிறது. "என் வேலைதானே, அதற்கு எதற்குக் கூலி?" என்று கேட்காதீர்கள். நாளைக்கு உடம்பு சரியில்லாமல் ஆள் வைத்தால் அந்தக் கூலியைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

இதையே பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டரில் (பாத்திரத்தைச் சாய்த்து மாவை ஊற்றும் பெரிய கிரைண்டர்) 33 கிலோவாக அரைத்தால், வேலை மூன்று மடங்கு ஆவதில்லை. எனக்கு ஐந்து மணி நேரத்தில் முடிகிறது. கூலி 375 ரூபாய், கிலோவுக்குப் பதினொன்று சொச்சம். அடக்கம் 45-க்கு இறங்குகிறது. இப்போது 50-க்குக் கொடுத்தால் கூலி போக 5 ரூபாய் நிற்கும். சின்ன கிரைண்டரில் கடை வியாபாரம் கட்டுப்படியாகாது என்பது எனக்கு இந்தக் கணக்கில்தான் புரிந்தது.

படி 3: பதிவுகள்

உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம். நான் எடுத்தபோது வருட விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 100 ரூபாய்தான் கட்டணம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். கூடவே எடை, தயாரித்த தேதி, விலை, உங்கள் முகவரி. எலக்ட்ரானிக் தராசு என்றால் வருடம் ஒருமுறை முத்திரை போட வேண்டும்.

சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவுக்கு உத்யம் என்று பெயர், அது இலவசம். ஆதாரை வைத்து நீங்களே ஆன்லைனில் செய்யலாம். இதற்கு ஆயிரம், ரெண்டாயிரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். அப்புறம் வியாபாரத்துக்கென்று தனி பேங்க் கணக்கு ஒன்று திறந்து, க்யூஆர் அட்டையை அந்தக் கணக்குக்கு வாங்குங்கள். வீட்டுக் காசும் மாவுக் காசும் ஒரே கணக்கில் விழுந்தால் மாதக் கடைசியில் எது எதென்று தெரியாது.

படி 4: கடையும் ரிட்டனும்

மளிகைக் கடையில் விற்காத பாக்கெட்டை நாம்தான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் வழக்கம். "நேத்துப் போட்டதுல மூணு கிடக்கு, எடுத்துட்டுப் போம்மா" என்பார் அண்ணாச்சி. மூணுதானே என்று நானும் எடுத்துவந்து ஊத்தப்பம் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவேன்.

ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 33 கிலோ அரைக்க 1485 ரூபாய். முப்பது விற்று மூன்று திரும்பினால் வரவு 1500. அன்றைய லாபம் பதினைந்து ரூபாய்! முழுதும் விற்றிருந்தால் 165. மூன்று ஊத்தப்ப மாவுக்கு 150 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடைக்கு ஒரு பக்கம். தேதி, கிழமை, போட்டது, திரும்பியது என்று நான்கு பத்தி. ஒரு மாதம் எழுதினால் கடையின் குணம் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் ஞாயிறு காலை கறிக்குழம்புக்கு இட்லி வேண்டும், அதனால் சனி சாயங்காலம் எவ்வளவு போட்டாலும் போகும். அமாவாசை, சஷ்டிக்கு ராத்திரி பலகாரம் என்பதால் அன்றும் போகும். திங்கள் படுத்துவிடும். நோட்டைப் பார்த்துத் திங்களன்று பாதியாகக் குறைத்தேன், ரிட்டன் பெருமளவு நின்றது. கடைக்காரர் "இன்னும் ரெண்டு போடும்மா" என்று கேட்பதுதான் நமக்கு நல்லது.

திரும்பிய பாக்கெட்டில் தேதியை மாற்றி அடுத்த கடைக்குப் போடும் யோசனை கண்டிப்பாக வரும். வேண்டாம். ஒரு பாக்கெட் புளித்தால் போதும், அந்தத் தெருவே அடுத்த கடைக்குப் போய்விடும்.

இன்னொன்று: கவரை முட்ட நிரப்பாதீர்கள். மாவு புளிக்கும்போது காற்று சேர்ந்து பாக்கெட் பலூன் மாதிரி உப்பும். ஒரு கடையில் ஃபிரிட்ஜுக்குள்ளேயே வெடித்து, பால் பாக்கெட் எல்லாம் மாவாகி, அன்று முழுக்க நான் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே நான்கு விரல் இடம் விட்டு, ஊசியால் ஒரு துளை போட்டால் போதும்.

படி 5: பாக்கி

கடைக்குப் "பழசு கொடுத்துப் புதுசு" என்பதே என் விதி. நேற்றைய காசு வந்தால்தான் இன்றைய பாக்கெட்.

விடுதி மெஸ் ஒன்றுக்கு இந்த விதியைத் தளர்த்தினேன். தினம் பத்து கிலோ, மாதம் ஒருமுறை பணம் என்றார்கள். ஆசை விடவில்லை. இரண்டு மாதம் கழித்து "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுத்தார்கள். அரிசிக் கடைக்குக் கொடுக்க என்னிடம் காசில்லை, நகையை வைத்தேன். உத்யம் பதிவு செய்த சிறு தொழில்களுக்கு, 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் வட்டியும் கேட்கலாம், அரசிடம் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம். எனக்கு அப்போது இது தெரியாது. பில்லும் போடவில்லை, துண்டுச் சீட்டில்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு முதல் நாளிலிருந்தே பில் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

படி 6: பெருக்குவது

கொஞ்சம் நிலைத்ததும் ஆப்ப மாவு, அடை மாவு, ராகி மாவு என்று விரிக்கத் தோன்றும். ஒவ்வொன்றும் ஒரு புது ரிட்டன் என்பதை மறக்காதீர்கள். நான் வேறு வழியில் போனேன். ராத்திரி இட்லிக் கடை போடுகிற இரண்டு தள்ளுவண்டிக்காரர்களைப் பிடித்தேன். ஆளுக்குத் தினம் எட்டு கிலோ, வாளியிலேயே ஊற்றிக் கொடுப்பேன். கவர் செலவு இல்லை, ரிட்டன் இல்லை, மறுநாள் காலையில் காசு. விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைவுதான், ஆனால் எனக்கு அதுதான் நின்று ஓடியது.

இரண்டாவது கிரைண்டருக்கு, சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனில், சிசு என்ற சின்னப் பிரிவில் 50,000 ரூபாய் வரை கேட்கலாம். அதற்கு முன் மூன்று மாத நோட்டைப் புரட்டுங்கள். இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஆர்டர் தினமும் பத்து கிலோவைத் தாண்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் இருக்கிற கிரைண்டரை இன்னொரு ஈடு ஓட்டினாலே போதும்.

ஆள் வைக்கும்போது "பதமாப் பார்த்து தண்ணி ஊத்து" என்று சொல்லாதீர்கள். என் கைப்பதம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? முதல் வாரம் மாவு ஒருநாள் கெட்டி, ஒருநாள் தண்ணி. பிறகு ஒரு சொம்பில் பெயிண்டால் கோடு போட்டுக் கொடுத்தேன். ஒரு ஈடு உளுந்துக்கு மூன்று சொம்பு, கோடு வரைக்கும். வெயில் காலமென்றால் அதில் ஒன்று ஐஸ் தண்ணீர்.