சதவீதம் சரி, எதன் மேல் சதவீதம்?

சென்ற வாரம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, மாலு பணிஸ் சுற்றி வந்த தாளைத் திருப்பி, எண்ணெய் படாத மூலையில் கணக்குப் போட்டுக் காட்டினான். பங்குச் சந்தையில் இறங்கப் போகிறானாம்; சந்தையின் மொத்த விலை மட்டத்தை ஒரே எண்ணாகக் காட்டும் சுட்டெண்ணைப் பார்த்திருக்கிறான். "அண்ணா, பழைய சுட்டெண்ணை எடுத்துப் பார்த்தன். ஒரு வருஷம் 80 வீதம் ஏறியிருக்கு, அடுத்த வருஷம் 30 வீதம் விழுந்திருக்கு. கழிச்சு ரெண்டால பிரிச்சா வருஷத்துக்கு 25. பரவாயில்லைதானே?"

எனக்குச் சுருக்கென்றது. இதே கணக்கை 2022 கடைசியில் நானும் போட்டேன், அதுவும் என் சொந்தப் பணத்துக்கு.

லாபத்தைச் சதவீதத்தில் சொல்லும்போது விழும் தவறுகளைத்தான் சொல்லப் போகிறேன். கூட்டல் பிழை, புள்ளி இடம் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் போன் பார்த்துக்கொள்ளும்.

ஏறினதும் இறங்கினதும் ஒரே எண் இல்லை

2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே நடுவில் 360 ஆனது. டாலர் வைத்திருந்தவர் "80% ஏறிவிட்டது" என்றார். ரூபா வைத்திருந்தவருக்கு டாலர் கணக்கில் போனது 44%. இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஒருவர் 160ஐ 200ஆல் வகுக்கிறார், மற்றவர் 360ஆல். அதனால்தான் 50% இழந்த பணம் பழைய இடத்துக்கு வர 100% ஏற வேண்டியிருக்கிறது.

வருடம் சொல்லாத லாபம்

"வாங்கின காணி இரண்டு மடங்கு விலை போகுது" என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால், எத்தனை வருடம் என்று கேளுங்கள். 12 வருடம் என்றால் வருடத்துக்கு 6% தான். 72ஐ வருடக் கணக்கால் வகுத்தால் கிட்டத்தட்ட விடை வந்துவிடும். 100ஐ 12ஆல் வகுத்து 8.3 என்று சொல்பவர்கள் வட்டிக்கு வட்டியை மறந்தவர்கள்.

சராசரி போடுவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தரும் தவறு.

கொழும்பு பங்குச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 2020 முடிவில் 6,774. 2021 முடிவில் 12,226, அதாவது 80% ஏற்றம். 2022 முடிவில் 8,490, அதாவது 30.6% இறக்கம். தம்பியின் சராசரி 24.7 வருகிறது. ஆனால் 6,774 என்பது 8,490 ஆக இரண்டு வருடத்தில் வளர்ந்தது 25% மட்டும். வருடத்துக்கு 12%கூட முழுசாக இல்லை. 80% ஏறியது சின்னத் தொகையின் மேல், 30.6% விழுந்தது பெருத்த தொகையின் மேல். இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழிப்பது?

சரி, இதுவாவது புத்தகக் கணக்கு. நான் செய்தது இதைவிட மோசம். 2020 டிசம்பரில் பயந்து பயந்து 1 லட்சம் போட்டேன். ஒரு வருடத்தில் 1 லட்சத்து 80 ஆயிரம். 2022 ஜனவரியில் சுட்டெண் 13,000ஐத் தாண்டியபோது காலி வீதி பஸ்ஸில்கூடப் பங்குக் கதைதான். அந்தச் சூட்டில் நிலையான வைப்பை உடைத்து 10 லட்சத்தை உள்ளே போட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

கணக்கு லேசாக இருக்க, வருடத் தொடக்கத்திலேயே போட்டதாகவும், என் பங்குகளும் சுட்டெண் போலவே ஓடியதாகவும் வைத்துக்கொள்வோம் (நிஜம் இன்னும் கேவலம்). 11 லட்சத்து 80 ஆயிரம், 30.6% விழுந்து, 8 லட்சத்து 19 ஆயிரம். கையிலிருந்து போனது 11 லட்சம். நட்டம் 2 லட்சத்து 81 ஆயிரம். அதை வைத்துக்கொண்டு நான் நண்பர்களிடம் "சராசரியா 25 வீதம்" என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்! பொய் சொல்லும் எண்ணமே இல்லை, நம்பித்தான் சொன்னேன்.

80% லாபம் 1 லட்சத்துக்கு. 30% நட்டம் கிட்டத்தட்ட 12 லட்சத்துக்கு. பணம் எந்தத் தேதியில் எவ்வளவு உள்ளே போனது என்று பார்க்காமல் சொல்லும் சதவீதம் சந்தையின் கதை, உங்கள் கதை இல்லை. எக்செலில் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். (XIRR) என்று ஒரு சூத்திரம் உண்டு, தேதியையும் தொகையையும் பார்த்து வருடத்துக்கு எத்தனை வீதம் என்று சொல்லும். ஒரு நிரலில் தேதி, பக்கத்தில் தொகை. போட்டது மைனஸ், எடுத்ததும் இன்று மிச்சமிருப்பதும் பிளஸ். என் எண்களைக் கொடுத்தால் வருடத்துக்கு மைனஸ் 24 என்று காட்டும். பிளஸ் 25 எங்கே, மைனஸ் 24 எங்கே.

தரகுக் கூலி

தரகோடு மற்றக் கட்டணங்களும் சேர்த்து வாங்க 1.12%, விற்க 1.12%. விலை 2.27% ஏறும்வரை நீங்கள் நட்டத்தில்தான்.

பங்கிலாபம்

கம்பனி தன் லாபத்தில் பங்குக்காரருக்குக் கொடுக்கும் பணம் கைக்கு வந்ததா? கணக்கிலும் வரட்டும்.

விலைவாசி

2022 டிசம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 57.2%. அந்த வருடம் 20% வட்டி எடுத்தவர் 120ஐ 157.2ஆல் வகுத்துப் பார்க்கட்டும். 76 வரும். அவருடைய 100 ரூபா பொருள் வாங்கும் பலத்தில் 76 ஆகிவிட்டது.

திரையில் தெரியும் பச்சை

போனில் பச்சையாகத் தெரியும் சதவீதம் கையில் இன்னும் இருக்கும் பங்குகளுக்கு மட்டும். நட்டத்துக்கு விற்றுத் தள்ளியவை அந்தப் பட்டியலில் இருக்காது. என்னிடம் அப்படி ஆறு. ஒரு பழைய சிஆர் கொப்பியில் வாங்கிய தேதி, விற்ற தேதி, போன பணம் என்று எழுதி வைத்திருக்கிறேன். தம்பிக்கு இன்னும் காட்டவில்லை.