சொந்தமாக டோரண்ட் உருவாக்குவது எப்படி? பொது டிராக்கரா, தனியார் டிராக்கரா?

டோரண்ட் என்பது, கோப்பை வைத்திருப்பவர்கள் நடுவில் சர்வர் இல்லாமல் அதைத் துண்டு துண்டாக ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் முறை. அதில் இறக்கத் தெரிந்தவர்களில் பலர், சொந்தமாக ஒன்றை உருவாக்கிப் பார்த்ததே இல்லை. நீங்கள் எடுத்த வீடியோ, தொகுத்த ஒலிப்பதிவுகள், திறந்த உரிமத்தில் வெளியிடும் மென்பொருள் என்று பெரிய கோப்புகளைப் பலருக்கும் கொடுக்க, சர்வருக்குக் காசு கட்டாமல் கிடைக்கும் வழி இது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் இன்றும் டோரண்டாகக் கிடைப்பது இதனால்தான். அடுத்தவர் உரிமை உள்ளதைப் பரப்பினால் அது சட்டச் சிக்கல். அதற்கு இந்தப் பதிவு உதவாது.

உருவாக்குவது ஐந்து நிமிட வேலை. அதில் ஒரே ஒரு டிக் மட்டும் யோசித்துப் போட வேண்டியது. அதற்கு முன், டோரண்ட் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கோப்புக்குள் இருப்பது என்ன?

உங்கள் வீடியோ அதற்குள் இல்லை. டோரண்டுக்கு அடிப்படையான பிட்டோரண்டை பிராம் கோஹன் 2001இல் வெளியிட்டபோது வகுத்த அமைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. கோப்பை இரண்டு பாகமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உள் பாகத்தின் பெயர் இன்ஃபோ. கோப்புகளின் பெயர், அளவு, அவற்றை எத்தனை பெரிய துண்டுகளாக வெட்டியிருக்கிறோம், ஒவ்வொரு துண்டுக்குமான ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறியீடு) எல்லாம் இதில் வரும். இந்த உள் பாகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு ஹேஷ் போடுவார்கள். அதுதான் இன்ஃபோ ஹேஷ். மேக்னட் லிங்கில், அதாவது டோரண்ட் கோப்பு இல்லாமலே இறக்க உதவும் இணைப்பில், நீளமாகத் தெரியும் 40 எழுத்து வரிசை. உலகம் முழுக்க அந்த டோரண்டுக்கு அதுதான் அடையாளம்.

வெளி பாகத்தில் டிராக்கர் (கோப்பு யாரிடம் இருக்கிறது என்று சொல்லும் சர்வர்) முகவரி, குறிப்புரை, உருவாக்கிய தேதி போன்றவை. இவற்றை எப்போது மாற்றினாலும் இன்ஃபோ ஹேஷ் மாறாது. உள் பாகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு டோரண்ட். இதை மட்டும் நினைவில் வையுங்கள், கீழே வரும் பாதி விஷயம் தானாகப் புரியும்.

முதல் படி: ஃபோல்டரைத் தயார் செய்வது

எல்லாரும் அவசரப்படும் இடம் இது. பகிர வேண்டிய கோப்புகளை ஒரே ஃபோல்டரில் போட்டு, பெயர்களை இப்போதே சரி செய்யுங்கள். பெயரும் இன்ஃபோவுக்குள்தான் போகிறது. பிற்பாடு எழுத்துப்பிழையைத் திருத்தினால் டோரண்டையே புதிதாகப் போட வேண்டும்.

மறைந்திருக்கும் கோப்புகளையும் காட்டச் சொல்லி ஒரு தடவை பாருங்கள். விண்டோஸ் தானாக உண்டாக்கும் தம்ஸ்.டிபி, மேக் போட்டுவைக்கும் டிஎஸ் ஸ்டோர் போன்றவை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அவையும் சேர்ந்து போய்விட்டால், கணினி பிறகு அவற்றைத் தானே மாற்றும்; மறுபரிசோதனையில் உங்கள் டோரண்ட் 99 சதவீதத்தில் நிற்கும். பாட்டுக் கோப்புகளிலும் இதே தொல்லை உண்டு. சில பிளேயர்கள் நீங்கள் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டை எம்பி3 கோப்புக்குள்ளேயே எழுதிவிடும், துண்டின் ஹேஷ் ஒத்துப்போகாது. பகிரும் பிரதியைக் கேட்கும் பிரதியிலிருந்து தனியாக வைப்பது நல்லது.

இரண்டாம் படி: உருவாக்குவது

நான் க்யூபிட்டோரண்டை வைத்துச் சொல்கிறேன். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. மற்ற மென்பொருள்களிலும் இதே கேள்விகள்தான் வேறு இடத்தில் இருக்கும்.

மேலே டூல்ஸ் மெனுவில் டோரண்ட் கிரியேட்டர் என்று இருக்கும். திறந்து உங்கள் ஃபோல்டரைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து பீஸ் சைஸ், அதாவது துண்டின் அளவு. ஆட்டோவிலேயே விட்டுவிடலாம். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு சின்னக் கணக்கு: 4 ஜிபி கோப்பை 4 எம்பி துண்டுகளாக வெட்டினால் 1,024 துண்டுகள். ஒரு துண்டின் ஹேஷுக்கு 20 பைட், மொத்தம் 20 கேபி. அதையே 256 கேபி துண்டுகளாக வெட்டினால் 16,384 துண்டுகள், ஹேஷ் மட்டுமே 320 கேபி. ரொம்பப் பொடியாக வெட்டினால் டோரண்ட் கோப்பு வீங்கும். ரொம்பப் பெரிதாக வெட்டினால், ஒரு துண்டு முழுதாக வந்து சேரும் வரை இறக்குபவரால் அதை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

வி1, வி2, ஹைபிரிட் என்று கேட்டால்? வி2 புதியது, எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் பயன்படுத்துவது. பழைய மென்பொருள்களுக்கு அது புரியாது. தொடக்கத்தில் வி1 போதும்.

டிராக்கர் முகவரிகளை வரிக்கு ஒன்றாக ஒட்டுங்கள். நடுவில் ஒரு வெற்று வரி விட்டால், அதற்குக் கீழே உள்ளது அடுத்த குழுவாகிவிடும். முதலில் போட நான்கைந்து போதும். ஐம்பது டிராக்கர்களை அள்ளி ஒட்டுவதால் வேகம் கூடுவதாக எனக்குத் தோன்றவில்லை. உடனே சீடிங் தொடங்கு என்ற பெட்டியில் டிக் போடுங்கள்; சீடிங் என்றால் முழுக் கோப்பை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுப்பது. பிரைவேட் என்ற பெட்டியை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

அந்த ஒரு டிக்

டிராக்கர் கோப்புகளை வைத்திருப்பதில்லை. கல்யாணத் தரகர் மாதிரி, யாரிடம் என்ன இருக்கிறது என்று ஆள் சேர்த்துவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. இந்த இன்ஃபோ ஹேஷை வைத்திருக்கும் ஐபி முகவரிகளின் பட்டியலைக் கேட்பவருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான்.

பொது டிராக்கர் என்றால் யார் கேட்டாலும் கொடுக்கும். கணக்கு, பதிவு எதுவும் வேண்டாம். அதோடு டிராக்கரே இல்லாமல் ஆள் தேடும் டிஎச்டி, இணைந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் முகவரி சொல்லிக்கொள்ளும் பெக்ஸ் ஆகியவையும் வேலை செய்யும். அதனால் எல்லா டிராக்கரும் செத்தாலும் பொது டோரண்ட் பிழைத்துக்கிடக்கும். ஆனால் உங்கள் ஐபியும் எல்லாருக்கும் தெரியும்.

தனியார் டிராக்கர் உறுப்பினர்களுக்கு மட்டும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் பாஸ்கீ என்று ஒரு ரகசிய எழுத்துக்கோவை கொடுத்து, அதை டிராக்கர் முகவரியிலேயே சேர்த்துவிடுவார்கள். நீங்கள் எவ்வளவு ஏற்றினீர்கள், எவ்வளவு இறக்கினீர்கள் என்று அந்த பாஸ்கீயை வைத்துக் கணக்கு வைக்கிறார்கள். ரேஷியோ என்பது இந்த இரண்டுக்கும் உள்ள விகிதம். டிஎச்டி வழியாக வெளியாள் நுழைந்தால் கணக்கே கெட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் பிரைவேட் டிக். அது இருந்தால் மென்பொருள் டிஎச்டி, பெக்ஸ் இரண்டையும் அந்த டோரண்டுக்கு நிறுத்திவிடும்.

இந்த டிக் உள் பாகத்தில், இன்ஃபோவுக்குள் எழுதப்படுகிறது. எனவே பிறகு மனம் மாறி எடுத்தால் இன்ஃபோ ஹேஷ் மாறும். ஏற்கெனவே இறக்கிக்கொண்டிருப்பவர்களுக்கும் உங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும். டிராக்கர் முகவரியைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், இதை முடியாது.

பிரைவேட் என்றால் பாதுகாப்பு என்று நினைத்து, பொது டிராக்கர்களைப் போட்டுவிட்டு டிக்கும் போடுபவர்கள் உண்டு. அதனால் எதுவும் மறைவதில்லை. பொது டிராக்கர் பட்டியலைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், போதாக்குறைக்கு டிஎச்டி உதவியும் போய்விடும். ஆக, பொதுவாகப் பகிர்ந்தால் டிக் வேண்டாம். தனியார் தளத்துக்கு என்றால் டிக் கட்டாயம், அவர்கள் கொடுத்த ஒரே ஒரு முகவரி மட்டும். தளம் கேட்டால் சோர்ஸ் பெட்டியையும் நிரப்புங்கள்.

இன்னொன்று: தனியார் தளத்திலிருந்து இறக்கிய டோரண்ட் கோப்பை நண்பருக்கு அனுப்பாதீர்கள். அதற்குள் உங்கள் பாஸ்கீ இருக்கிறது. அவர் செய்வதெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும்.

மூன்றாம் படி: சீடிங்

பொது டோரண்ட் என்றால் உருவாக்கியதும் மேக்னட் லிங்கை நகலெடுத்து அனுப்பலாம். தனியார் தளத்தில் ஏற்றினால், பல தளங்கள் கோப்பில் தங்கள் மாற்றங்களைச் செய்யும்; ஆகவே அங்கிருந்து மறுபடி இறக்கி, அதையே உங்கள் மென்பொருளில் சேர்க்க வேண்டும். சேமிக்கும் இடமாக அந்த ஃபோல்டரை அல்ல, அது இருக்கும் மேல் ஃபோல்டரைக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கோப்பு கண்ணெதிரே இருந்தும் 0 சதவீதம் என்று காட்டும்.

சரி, வேலை செய்கிறதா? டிராக்கர்ஸ் தாவலைத் திறந்தால் ஒவ்வொன்றுக்கும் எதிரே நிலை தெரியும். பிரைவேட் டோரண்டில் டிஎச்டி, பெக்ஸ் வரிகள் முடக்கம் என்று காட்டினால் பதறாதீர்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். பொது டோரண்டை, அதே வைஃபையில் இருக்கும் இன்னொரு கணினியில் சோதித்து ஏமாறாதீர்கள். ஒரே நெட்வொர்க்கில் இருப்பவை ஒன்றையொன்று தாமாகக் கண்டுபிடித்துவிடும். ஃபோனின் மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அங்கே இணைப்பு கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் ரவுட்டர்தான் காரணம். மென்பொருளின் கனெக்‌ஷன் அமைப்பில் யுபிஎன்பி (ரவுட்டரில் போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) இயங்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் அங்கே காட்டும் போர்ட் எண்ணை ரவுட்டரில் கையால் திறந்துவிடுங்கள். அப்புறம், குறைந்தது ஒருவராவது 100 சதவீதம் முடிக்கும் வரை கணினியை அணைக்காதீர்கள். அதுவரை முழுப் பிரதி உங்களிடம் மட்டுமே இருக்கிறது.