வீட்டிலேயே கணக்குப் பழக: 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக

ஜூன் பிறந்தால் பாரிமுனைக் கடைகளிலிருந்து தெருமுனை ஜெராக்ஸ் கடை வரை கணக்குப் பயிற்சிப் புத்தகங்கள் தொங்க ஆரம்பித்துவிடும். பக்கத்துக்கு இருபது கூட்டல், அடுத்த பக்கத்தில் இருபது கழித்தல். ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கும் பிள்ளைக்கு அதை வாங்கும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். இந்த வயதில் முக்கால்வாசி வேலை ஒரே ஓர் எண்ணோடுதான்: பத்து. பத்தைப் பிரிக்கவும் சேர்க்கவும் கை பழகிவிட்டால், பின்னால் வரும் கூட்டலும் கழித்தலும் இடமதிப்பும் தானாகப் பிடிபடும். பழகாமல் பக்கம் பக்கமாகப் போட வைத்தால் பிள்ளைக்குக் கை வலிக்கும், அவ்வளவுதான்.

நேரம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். இதை வீட்டுப்பாடமாக ஆக்கிவிடாதீர்கள். 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நம் ஊரில் சில பிள்ளைகளின் டைரியைப் பார்த்தால் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் தோன்றும். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து வகுப்பிலேயே செயல்பாடுகள் நடத்துவார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலை என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டால், கீழே எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று ஓரளவு புரியும்.

என்னென்ன வேண்டும்

முப்பது புளியங்கொட்டை. ஒரு கட்டு ஐஸ் குச்சி (துடைப்பக் குச்சியை ஒடித்தாலும் சரி), கொஞ்சம் ரப்பர் பேண்ட். சிலேட்டு, பல்பம். ஒரு ஜோடி தாயக்கட்டை. 1, 2, 5 ரூபாய் நாணயங்களில் கொஞ்சம், நாலைந்து பத்து ரூபாய்.

இவற்றோடு முக்கியமான ஒன்று, முட்டைக் கடையில் கிடைக்கும் 30 முட்டை அட்டை. அதில் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை இருக்கும். இரண்டு வரிசைக்கு ஒன்றாக வெட்டினால் பத்துப் பத்துக் குழி உள்ள மூன்று தட்டுகள் கிடைக்கும். முட்டை உடைந்து கறைபட்ட அட்டையை எடுக்காதீர்கள், அதில் கிருமி இருக்கலாம். நல்ல அட்டை கிடைக்காவிட்டால் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பத்துக் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, நாணயம் இரண்டையும் வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

படி 1: உண்மையிலேயே எண்ணத் தெரியுமா?

“எங்க பாப்பா நூறு வரைக்கும் சொல்லுவா” என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். சொல்வது வேறு, எண்ணுவது வேறு. இதைச் சோதிக்க எட்டுப் புளியங்கொட்டையை வரிசையாக வையுங்கள். பிள்ளை தொட்டுத் தொட்டு எண்ணி முடித்ததும், “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். உடனே “எட்டு” என்றால் நல்லது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். குழந்தைகள் எண்ணக் கற்பதைப் பற்றி 1978இல் எழுதிய கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் இதை எண்ணுதலின் அடிப்படை விதிகளில் ஒன்றாகவே வைத்தார்கள்.

அப்புறம் அதே எட்டைக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வைத்து, “இப்போ எத்தனை?” என்று கேளுங்கள். இடம் அதிகமானதால் எண்ணிக்கையும் கூடிவிட்டது என்று சில பிள்ளைகள் நினைக்கும். திருத்த வேண்டாம். எண்ணிப் பார்க்கச் சொன்னால் தானே ஆச்சரியப்படும். கடைசியாக, குவியலிலிருந்து “எனக்கு ஆறு எடுத்துக் கொடு” என்று கேளுங்கள். எங்கே நிறுத்துவது என்று நினைவில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும் என்பதால் இது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இது தடுமாறாமல் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: எண்ணாமல் பார்த்தே சொல்வது

மூன்று, நான்கு வரை நமக்கு எண்ணவே வேண்டாம், பார்த்ததும் தெரிந்துவிடும். அதற்கு மேல் போனால் ஒழுங்காக அடுக்கியிருந்தால்தான் தெரியும். முட்டை அட்டை எதற்கு என்பது இப்போது புரிந்திருக்கும். மேல் வரிசை ஐந்தையும் நிரப்பி, கீழே இரண்டு போடுங்கள். ஒரு நொடி காட்டிவிட்டுத் துண்டால் மூடி, “எத்தனை இருந்தது?” என்று கேளுங்கள். ஆரம்பத்தில் ஊகமாகத்தான் பதில் வரும். சில நாளில் “மேலே ஃபுல்லு, கீழே ரெண்டு, அப்போ ஏழு” என்று வரும். அதோடு விடாமல் “எத்தனை குழி காலி?” என்றும் கேட்டுவையுங்கள். அடுத்த படி இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

படி 3: பத்தின் ஜோடிகள்

இங்கே அவசரப்பட வேண்டாம். 9க்கு 1, 8க்கு 2, 7க்கு 3, 6க்கு 4, 5க்கு 5. மொத்தமே ஐந்து ஜோடிதான். ஆனால் இவை யோசிக்காமல் வாயில் வர வேண்டும், அதற்குப் பல வாரம் பிடித்தாலும் பரவாயில்லை.

இதற்கு ஒளித்து வைக்கும் விளையாட்டு நன்றாக வேலை செய்யும். பத்துப் புளியங்கொட்டையை இருவரும் சேர்ந்து எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளை கண்ணை மூடட்டும். நீங்கள் சிலவற்றைக் கைக்குள் எடுத்துக்கொண்டு மீதியைத் தரையில் விடுங்கள். தரையில் ஆறு இருந்தால் கைக்குள் எத்தனை? பதில் சொன்ன பிறகு கையைத் திறந்து காட்டுங்கள். அடுத்த முறை பிள்ளை ஒளிக்கட்டும், நீங்கள் சொல்லுங்கள். நடுவில் ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பாருங்கள். உங்களைத் திருத்தும்போது முகத்தில் வரும் சந்தோஷத்தைப் பார்த்தாலே விளையாட்டை நீட்டிக்கத் தோன்றும். பத்து அதிகமாகத் தெரிந்தால் ஐந்தில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

விரல் விட்டு எண்ணினால் தட்டிவிடாதீர்கள். பத்து விரல், கைக்கு ஐந்து. முட்டை அட்டையும் அதே கணக்குதான். ஜோடி மனதில் பதிந்ததும் விரல் தானாக மடங்கிவிடும். ஆறு வயதுப் பிள்ளையிடம் “விரலை மடக்கு, மனசுல போடு” என்றால், அது விரலை மேசைக்கு அடியில் கொண்டு போகும், வேறொன்றும் நடக்காது.

படி 4: மேலே எண்ணுவது

7 + 3 என்றால் ஏழையும் எண்ணி, மூன்றையும் எண்ணி, பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து எண்ணுவது தொடக்க நிலை. “ஏழு மனசுல, மூணு கையில” என்று நம் பள்ளிகளில் சொல்லித் தருவது அதற்கடுத்த நிலை. இதில் பிள்ளைகள் வழக்கமாக ஓரிடத்தில் சறுக்கும்: “ஏழு, எட்டு, ஒன்பது” என்று மூன்று விரலை மடக்கி 9 என்று சொல்லிவிடும். நிற்கும் இடத்தையே முதல் அடியாக எண்ணுவதால் வரும் தவறு இது.

இதைத் திருத்த மின்சார ரயிலைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோடம்பாக்கத்தில் ஏறினால் கிண்டி எத்தனையாவது ஸ்டேஷன்? மாம்பலம் ஒன்று, சைதாப்பேட்டை இரண்டு, கிண்டி மூன்று. பிள்ளை கோடம்பாக்கத்தையும் சேர்த்து நான்கு என்றால், “வண்டி இன்னும் கிளம்பவே இல்லையே, அதுக்குள்ள எப்படி ஒண்ணு?” என்று கேட்டால் போதும். வண்டி நகர்ந்தால்தான் ஒன்று. வீட்டுக்கு வந்த பிறகு 7 + 3 போடும்போதும் “ஏழாவது ஸ்டேஷன்ல இருக்கோம், வண்டி கிளம்புது” என்று தொடங்கலாம்.

மழை நாளில் தாயக்கட்டை. சிலேட்டில் 8 என்று எழுதிவிட்டுக் கட்டையை உருட்டுங்கள், விழுந்ததை மேலே எண்ணட்டும். புள்ளியில்லாத பக்கம் விழுந்தால் கூட்ட ஒன்றுமே இல்லை. பூஜ்ஜியத்தை விளக்க இதற்கு மேல் பாடம் தேவையில்லை. தாயம் விளையாடிப் பழகிய பிள்ளை இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் “பன்னிரண்டு!” என்று கத்தும். கணக்கு நேரத்தில் அது சைபர்தான் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பத்தைத் தாண்டுவது

8 + 5. ஒரு தட்டில் எட்டு, இன்னொரு தட்டில் ஐந்து. முதல் தட்டு நிரம்ப இன்னும் எத்தனை வேண்டும்? இரண்டு. ஐந்திலிருந்து இரண்டை எடுத்து அங்கே போட்டால் பத்து ஆயிற்று, இங்கே மூன்று மீதி. பதின்மூன்று. படி 3 பழகியிருந்தால் இது அரை நிமிட வேலை, பழகாவிட்டால் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத்தான் வேண்டும். 9 + 4, 9 + 6 என்று ஒன்பதில் தொடங்குவது எளிது. பிறகு எட்டு, அப்புறம் ஏழு.

படி 6: கட்டு கட்டாக

இப்போது குச்சிகளை எடுங்கள். பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு ரப்பர் பேண்ட். 34 என்றால் மூன்று கட்டு, நாலு உதிரி. பிள்ளையே கட்ட வேண்டும். நீங்கள் கட்டி வைத்துவிட்டால் கட்டுக்குள் பத்து இருக்கிறது என்பதை அது நம்பித்தான் ஆக வேண்டும், தெரிந்ததாக ஆகாது.

“முப்பத்து நாலு எழுது” என்றால் சில பிள்ளைகள் 304 என்று எழுதும். கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறது: முப்பதுக்கு 30, நாலுக்கு 4. திட்ட வேண்டிய தவறில்லை. மூன்று கட்டையும் நாலு உதிரியையும் எதிரே வைத்து, கட்டுக்கு ஓர் இடம், உதிரிக்கு ஓர் இடம் என்று சிலேட்டில் இரண்டு கோடு போட்டுக் காட்டுங்கள். ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்குத் தர்ட்டீனும் தர்ட்டியும் குழம்பும். ஒரு கட்டும் மூன்று உதிரியும் ஒரு பக்கம், வெறும் மூன்று கட்டு இன்னொரு பக்கம் வைத்து எது எது என்று கேளுங்கள். வீட்டில் தமிழில் எண்ணினால் பள்ளியில் குழம்பும் என்று பயப்பட வேண்டாம், இரண்டிலும் எண்ணட்டும்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது 29சி, 21ஜி என்று வருவதையெல்லாம் எத்தனை கட்டு, எத்தனை உதிரி என்று கேட்கலாம். பஸ் வரத் தாமதமானால் எது பெரிய எண் என்றும் கேட்கலாம்.

ஈரிலக்கக் கூட்டலும் இதே குச்சியில்தான். 27 + 15ஐ மேலும் கீழுமாக எழுதி 312 என்று விடை போடும் பிள்ளைகள் உண்டு. 7ம் 5ம் 12, 2ம் 1ம் 3. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டது. “மேலே ஒண்ணு போட மறந்துட்ட” என்று சொன்னால் அடுத்த கணக்கில் ஒன்றைப் போடும், ஏன் என்று தெரியாமலே. குச்சியில் செய்யச் சொல்லுங்கள். பன்னிரண்டு உதிரி கையில் இருந்தால் ரப்பர் பேண்டைத் தேடிக்கொண்டு அதுவே வரும். பாடப்புத்தகத்தில் இனமாற்றம் என்று வருவது இந்த ரப்பர் பேண்ட் போடும் வேலைதான்.

படி 7: கழித்தல்

42 − 17 என்றால் 35 என்று பதில் வருவது எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறது. நாலு கட்டையும் இரண்டு உதிரியையும் கொடுத்து, “பதினேழு எனக்குக் கொடு” என்று கையை நீட்டுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் தர முடியாது. பிரித்தால் பன்னிரண்டு உதிரி, அதில் ஏழு உங்களுக்கு, கூடவே ஒரு கட்டு. மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி. “கடன் வாங்குவது” என்ற வார்த்தையை இதெல்லாம் கைக்கு வந்த பிறகு சொன்னால் போதும்.

கழித்தல் என்றால் எடுப்பது மட்டுமில்லை, இன்னும் எவ்வளவு வேண்டும் என்பதும் கழித்தல்தான். அதற்குக் கடை விளையாட்டு. இப்போது எல்லாக் கடையிலும் ஸ்கேன் செய்து பணம் போடுவதால் பிள்ளைகள் சில்லறையைக் கையில் தொட்டுப் பார்ப்பதே அபூர்வம். வாரத்துக்கு ஒரு முறையாவது அண்ணாச்சி கடையில் ரொக்கமாகக் கொடுத்து வாங்க விடுங்கள். 13 ரூபாய் பொருளுக்கு 20 கொடுத்தால் மீதி எவ்வளவு என்று வீட்டில் பழகும்போது, நாணயத்தை வைத்துக்கொண்டே மேலே எண்ணச் சொல்லுங்கள்: ஒரு 2 ரூபாய் வைத்தால் 15, ஒரு 5 ரூபாய் வைத்தால் 20, ஆக மீதி 7. அடுத்தது 100க்கு 68: இரண்டு வைத்தால் 70, முப்பது வைத்தால் 100. இந்த முறையில் கடனே வாங்க வேண்டாம். எனக்கு மேலும் கீழும் எழுதிக் கழிப்பதைவிட இதுதான் பிடிக்கும், ஆனால் பள்ளியில் கேட்பது அந்த முறையைத்தான் என்பதால் இரண்டும் தெரிந்திருக்கட்டும்.

தப்பு வந்தால்

“தப்பு” என்று சொல்வதற்கு முன் “எப்படி வந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். சரியாக வந்தாலும் சில நேரம் அதையே கேளுங்கள். தப்பாகப் போட்டால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்ததுமே பிள்ளை விடையை அழித்துவிடும். ஒரே தவறு நாலைந்து நாள் தொடர்ந்தால் ஒரு படி கீழே இறங்கி அங்கே விளையாடுங்கள். பல மாதம் பழகியும் சின்னக் குவியலைக்கூட எண்ண முடியவில்லை என்றால் கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, வகுப்பு டீச்சரிடமும் குழந்தை மருத்துவரிடமும் பேசுங்கள்.

வாய்ப்பாடு

எல்லோரும் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு, ஐந்து, பத்து, இந்த மூன்றும் இரண்டாம் வகுப்புக்குப் போதும். ராகம் போட்டுச் சொல்லட்டும், தப்பில்லை. கூடவே ஐந்து ரூபாய் நாணயங்களை வரிசையாக வைத்து 5, 10, 15 என்று எண்ணட்டும். பதினாறாம் வாய்ப்பாடு பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரியுமாம். தெரிந்துவிட்டுப் போகட்டும்.