கல் மூங்கில் வளர்க்கலாம் வாங்க, தொரட்டிக்கும் பந்தலுக்கும் கம்பு நம்ம தோட்டத்துலயே

மூங்கில் வச்சா வேர் ஓடி வீட்டையே பேத்துடும்னு எங்க வீட்லயும் பயந்தாங்க. அப்படி ஓடுற வகை சீனா, ஜப்பான் பக்கம்தான் அதிகம், நம்மூர் கல் மூங்கில் தூர் கட்டி ஒரே இடத்துல நிக்கும், முள்ளு மூங்கில் மாதிரி கையை கிழிக்கவும் கிழிக்காது. வறண்ட மண்ணுல வளர்ந்தா உள்ள ஓட்டையே இல்லாம கெட்டியா இருக்கும், லத்திக் கம்பு இதுலதான் செய்வாங்க.

முதல்ல இடம். தண்ணி தேங்கக்கூடாது, சுவர்லேர்ந்து 10 அடியாவது தள்ளி வைங்க, தூருக்குத் தூர் 15 அடி விடுங்க.

அடுத்து 2 அடி குழி, தொழுவுரம், மேல்மண், நர்சரி கன்னு, மழை ஆரம்பிக்கிறப்போ நட்டுடுங்க. முதல் ரெண்டு கோடைக்கு தண்ணி விடணும், ஆடு மாடு கடிக்காம வேலி போடணும், அவ்ளோதான்.

இப்போ முக்கியமான விஷயம், வெட்டுறது. குருத்து மழைக்காலத்துல கிளம்பி சில மாசத்துல முழு உயரம் போயிடும், அதுக்கப்புறம் பருக்காது, உள்ள முத்துறதுக்கு மட்டும் 3 வருஷம் ஆகும். நான் பளபளன்னு பச்சையா இருந்த ஓரத்துக் கம்பை வெட்டி புடலைக்கு பந்தல் போட்டேன், ஆறே மாசத்துல உளுத்து மாவா கொட்டுச்சு! மங்கிப்போய், சாம்பல் திட்டு விழுந்த பழைய கம்புதான் வேணும், அது தூரோட நடுவுல இருக்கும், அதனால ஒரு பக்கம் வழி விட்டு லாடம் மாதிரி உள்ள போய் வெட்டுங்க. தரையிலேர்ந்து ஒரு ஜாண் விட்டு கணுவுக்கு ஒட்டி மேல வெட்டணும், இல்லன்னா குழிஞ்ச இடத்துல மழைத்தண்ணி நின்னு தூரு அழுகும். இளசை தொடாதீங்க, அடுத்த வருஷக் குருத்துக்கு அதுதான் சாப்பாடு போடுது.

வெட்டுறதை மழை முடிஞ்சு பனிக்காலத்துல வச்சுக்கோங்க. வெட்டினதை தொட்டியிலயோ குளத்துலயோ மூழ்க வச்சு 3 வாரம் ஊறப்போட்டு நிழல்ல காயவைங்க, மாவுச்சத்து கரைஞ்சா வண்டு அவ்வளவா வராது.

25லேர்ந்து 45 வருஷத்துக்குள்ள ஒருநாள் தூர் முழுக்க பூத்துச்சுன்னா கதை முடிஞ்சுது, காய்ஞ்சு செத்துடும். கீழ கொட்டுற மூங்கில் அரிசியில கொஞ்சம் எடுத்து உடனே விதைச்சிடுங்க, நாள் ஆக ஆக முளைப்பு குறையும்.